அந்தத் தீவில் உலை வைப்பது யார்

பாட்டிலின் மூலை இடுப்பெலும்பில் குத்துகிறது. குத்தட்டும். அசையக்கூடாது. அசைந்தால் மடி நெகிழும், மடி நெகிழ்ந்தால் நட்ட நடு வீட்டில், இத்தனை பொம்பளைகளுக்கு மத்தியில், ணங்கென்று விழும். விழுந்து உடைந்தாலாவது பரவாயில்லை, அது உடையாது, கனத்த கண்ணாடி, சறுக்கிக்கொண்டுபோய்ச் சித்திரைக்கனி காலடியில்தான் நிற்கும். அவள் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, 'பாத்தியளா, எங்கண்ணனுக்குன்னே கெடந்திருக்கு' என்பாள். சித்திரைக்கனி என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த தங்கச்சி. வீட்டுக்காரர் இதோ, வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். விடியற்காலையில் மூச்சு நின்றது. ஆம்பளைகள் எல்லாரும் கொட்டுச் சத்தத்தோடு நீர்மாலைக்குப் போயிருக்கிறார்கள், பெரிய குழாயில் தண்ணீர் பிடித்துத் நாலு பேர் மூலைக்கு மூலை பிடிக்கிற துண்டுப் பந்தலுக்குக் கீழே தூக்கிக்கொண்டு வருவார்கள், வந்ததும் அவரைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டுவார்கள், புது வேட்டி, மாலை, நெற்றியில் துட்டு, அப்புறம் சென்ட். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் செத்தவர் மேல் சென்ட் ஊற்றாமல் தூக்கமாட்டார்கள். நெஞ்சில் ஊற்றி, தலைமாட்டில் ஊற்றி, பாட்டிலையும் கூடவே போட்டுவிடுவார்கள். செத்த வீட்டில் ஒரு சென்ட் பாட்டில் கண்ணில் பட்டால் அது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. அது பிணத்துடையது. பிணத்துக்கு இல்லாத பாத்தியதை உயிரோடு இருக்கிறவளுக்கு எங்கே வந்தது.

அதனால்தான் எடுத்தேன். எப்போது எடுத்தேன், அதைத்தான் மனசு திரும்பத் திரும்பப் போய்த் தொட்டுப் பார்க்கிறது, பல் விழுந்த இடத்தை நாக்கு தொடுகிற மாதிரி. காபி கொண்டுபோய் வைத்தேன், 'எந்திரிங்க' என்றேன், கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. அப்புறம் என்ன செய்தேன். அலறினேனா, பீரோவைத் திறந்தேனா. அலறினேன் என்றுதான் இருக்கவேண்டும், புருசன் செத்தால் பொம்பளை முதலில் அலறத்தானே செய்வாள். இல்லை. பீரோ சாவி கையில் இருந்தது ஞாபகம் இருக்கிறது. வெளிச்சம் வராத நேரம், பீரோ கதவு கிறீச்சென்றால் மகன் கதிரேசன் முழித்துக்கொள்வானே என்று தூக்கிப் பிடித்துத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. பட்டுச்சேலைக்கு அடியில் கைவிட்டு அட்டைப்பெட்டியோடு எடுத்து, பெட்டியைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு, பாட்டிலை மட்டும் கொசுவத்துக்குள் சுருட்டி இறுக்கி முடிந்து, அப்புறம்தான் வந்து வாயைத் திறந்தேன். ஆமாம், அப்படித்தான். எவளாவது கேட்டால் இல்லை என்று சத்தியம் பண்ணுவேன். ஆனால் அப்படித்தான். ஐஸ் பெட்டிக் கண்ணாடிக்குள் அவர் உதடு ஒரு பக்கம் கோணி, சிரிக்கிற மாதிரியே இருக்கிறது. 'எனக்குத் தெரியும்டி' என்கிற மாதிரி. இந்த மனுசன் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாலும் நீட்டுவார்.

சவரியம்மா வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி, தீப்பெட்டி ஆபீசில் என்னோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினவள், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. துக்க வீட்டில் எங்கள் ஆட்களைவிட நன்றாக அழுவாள். கட்டிக்கொண்டு ஆடும்போது அவள் தொடையில் பாட்டில் இடித்துவிட்டது. 'நாலு ஊரு சனங்கூட்டி நாயனமா நின்ன ராசா' என்று இழுத்தவள், இழுப்பை நிறுத்தாமலே என் காதுக்குள், "ஏ குருவு, மடியில என்னத்தட்டீ வச்சிருக்க, அம்மிக்கொழவி கணக்கா?" என்றாள். "சும்மா அழு" என்றேன். "சாவியா?" "அழுங்கிறேன்ல." அவள் அழுதாள். ஆனால் கை மெல்ல இறங்கித் தடவிப் பார்த்துவிட்டது. சவரியம்மாவின் கைக்குத் தெரியாத பொருள் கிடையாது, இருட்டில் குச்சி எண்ணாமல் அள்ளினால் ஒரு பெட்டிக்குச் சரியாக இருக்கும். தடவினவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முந்தானையை நன்றாக விரித்து என் மடி மேல் போட்டுக்கொண்டு, முன்னைவிடப் பெரிதாக ஒப்பாரியை எடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. அவளிடம் அதுதான் எனக்குப் பிடித்தது.

சித்திரை மாசம் என் மகள் வேணி வந்தபோது கொடுத்தது. அவள் அரபு நாட்டில், தோகாவில் நர்சு. அத்தைக்குச் சோப்பும் துண்டும், தம்பிக்குச் செல், அப்பாவுக்கு இரண்டு சட்டை, நெஞ்சுச்சளிக்கு ஏதோ டப்பா. எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டுக் கடைசியில், "அம்மா, இது ஒனக்கு, ஒனக்கு மட்டும்" என்று கையில் வைத்தாள். மஞ்சள் பாட்டில், வெயிலை உருக்கி ஊற்றின மாதிரி. மூடி வெள்ளையாக, இதழ் இதழாக. எனக்கு மட்டும் என்று இந்த உலகத்தில் ஒரு சாமான் வந்தது அதுதான் முதல் தடவை, பொய் சொல்லவில்லை. சேலை எடுத்தால்கூட நாளைக்கு வேணிக்கு ஆகும் என்றுதான் எடுப்பேன். "வெறும் சென்ட் இல்லம்மா இது. ஒரு தீவோட மனசு" என்றாள். "தீவுக்கு ஏதுட்டீ மனசு?" அவள் சிரித்துக்கொண்டே செல்லில் இருந்ததை வாசித்துத் தமிழில் சொன்னாள். எந்நேரமும் வெயில் காயுற தீவாம். சுற்றிக் கடலாம். அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் யாரும் கடிகாரம் கட்டமாட்டார்களாம். வெறுங்காலோடு ஆடுவார்களாம், பாடுவார்களாம், எங்கே தூக்கம் வருகிறதோ அங்கேயே படுத்துக்கொள்வார்களாம், யாருக்கும் யாரும் பதில் சொல்லவேண்டாமாம். அந்தச் சுதந்திரத்தைத்தான் மல்லிகையும் ஆரஞ்சுப் பூவும் இன்னும் பேர் வாயில் நுழையாத பூவும் போட்டு இதில் அடைத்திருக்கிறார்களாம். செல்லில் ஒரு பொண்ணு படம், தலை விரித்துப் போட்டு, காதோரம் ஒரு பூ, தொட்டில் மாதிரி வலையில் படுத்துச் சிரிக்கிறாள். "நாடோடிக மாதிரிம்மா, ஆனா பணக்கார நாடோடிக" என்றாள் வேணி. கட்டிலில் படுத்திருந்த மனுசனுக்கு அதைக் கேட்டதும் இருமலே நின்றுவிட்டது. "அட, நம்ம சாதிக்காரப் பயலுகளா இருக்கானுக! அங்க எனக்கு ஒரு பாயப் போடச் சொல்லு தாயி" என்று சிரித்தார். சிரித்துவிட்டு என் பக்கம் கையை நீட்டி, "ஒனக்கு எதுக்கு இது? எனக்கு ரெண்டு சொட்டு விடு" என்றார். நான் விடவில்லை. நல்ல நாளுக்கு உடைக்கலாம் என்று பீரோவுக்குள் வைத்தேன். எந்த நல்ல நாள். எனக்கு நல்ல நாள் என்று ஒன்று வரப்போகிறதா, அது தெரிந்தா வைத்தேன்.

அந்தத் தீவில் உலை வைப்பது யார்? அன்றைக்கு வேணியிடம் கேட்கவேண்டும் என்று வாய்வரை வந்தது, பிள்ளை ஆசையாக வாங்கி வந்திருக்கிறது என்று விழுங்கிவிட்டேன். இப்போது விழுங்கினது நெஞ்சில் நிற்கிறது. எல்லாரும் ஆடினால் அரிசி களைகிறது யார். கடிகாரம் கட்டாதவன் வீட்டுப் பிள்ளையை மணியடிக்கும் முன்னால் பள்ளிக்கூடத்தில் விடுவது யார். எங்கே தூக்கம் வருகிறதோ அங்கே படுப்பார்களாம், படுத்த பாயைச் சுருட்டுகிறவள் ஒருத்தி இருப்பாளே, அவள் படத்தில் இல்லையே. அந்தத் தலைவிரி கோலத்துக்காரி சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் அவள் ஒருநாளும் குழாயடியில் நின்றதில்லை. அவளுக்குப் பின்னால், படம் முடிகிற இடத்துக்கு அந்தப் பக்கம், ஒருத்தி நின்று பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கிறாள், எனக்குத் தெரியும், அவள் கை தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும், அவள் மனசை யாரும் பாட்டிலில் அடைக்கமாட்டார்கள், அடைத்தால் எவன் வாங்குவான். வெயில் வெயில் என்கிறார்கள். வெயிலை நான் பார்க்காததா. மருந்து முக்கின குச்சிச் சட்டத்தை வெயில் விழ விழ இடம் மாற்றி வைக்கிற வேலை எனக்கு. எங்கள் ஊர் வெயிலை எவனாவது பாட்டிலில் அடைத்துப் பார்க்கட்டும், தீப்பிடித்துக்கொள்ளும்.

வெளியூரிலிருந்து இப்போதுதான் வந்து சேர்ந்த ஒருத்தன் வாசலில் இருந்து உள்ளே எட்டிப் பார்த்து, "மச்சான் காத்து மாதிரி மனுசன், எங்கயும் தங்கமாட்டாரு, யாரு கட்டி வைக்க முடியும்?" என்கிறான். காலையிலிருந்து எத்தனை பேர் சொல்லியாயிற்று. காற்றாம். என் வீட்டுக்காரர் சோலையப்பன் ஊதுகிற கிளாரினெட்டைக் கேட்டால் சர்க்கஸ் யானை அழுமாம். சர்க்கஸ் கம்பெனியோடு போனார், ஊர் ஊராகப் போனார், கம்பெனியை மூடின பிறகு கச்சேரி செட்டோடு போனார், செட்டு கலைந்த பிறகு கூட்டாளிகளோடு போனார், திருவிழாவைத் தேடிப் போனார். கடிகாரம் கட்டமாட்டார். எங்கே தூக்கம் வருகிறதோ அங்கே படுப்பார். அந்தத் தீவை விலை கொடுத்து வாங்கி அனுப்பியிருக்கிறாளே என் மகள், அது எங்கள் வீட்டில்தானே இருந்தது, நான்தானே அதற்குச் சோறு போட்டேன். மகராசன், ஒரு கெட்ட வார்த்தை பேசமாட்டார், அடிக்கமாட்டார், அதையும் சொல்லவேண்டும். பேசுவதற்கும் அடிப்பதற்கும் ஆள் வீட்டில் இருக்கவேண்டும் அல்லவா. விருதுநகரில் சர்க்கஸ் போட்டிருந்தபோது ஆசையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன், கதிர் இடுப்பில், வேணி கையைப் பிடித்துக்கொண்டு. கூடாரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார், சிவப்புக் கோட்டு, தங்கப் பித்தான், பார்க்க ராசா மாதிரிதான் இருந்தார், நான் இல்லை என்று சொல்லவில்லை. முறுக்கு வாங்கிக் கொடுத்தார். ஒரு துண்டை நான் உடைத்து அவர் வாயில் கொடுக்கப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கையக் கழுவிட்டு வரக்கூடாதா? மருந்து நாறுது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், பக்கத்தில் நின்ற பந்து மேல் நடக்கிற பொண்ணுக்குக் கேட்கக்கூடாது என்று. அவளுக்குக் கேட்டுவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேலிகூட இல்லை, பாவம் என்கிற மாதிரி ஒரு பார்வை. கேலி பண்ணியிருந்தால் மறந்திருப்பேன்.

என் கை நாறியது. அவர் சட்டை மணந்தது. ஊருக்கு வரும்போது பையைக் கொட்டினால் ஒவ்வொரு சட்டையிலும் ஒவ்வொரு ஊர். ஒன்றில் ஜவ்வாது, ஒன்றில் தாழம்பூ, ஒன்றில் பவுடர், ஒன்றில் யாரோ வைத்திருந்த மல்லிகை நசுங்கின கறை. நான் ஒருநாளும் கேட்டதில்லை. கல்லில் போட்டு அடித்தேன். நாலு அடிக்குப் போகாத மணமும் உண்டு, நாற்பது அடி அடிப்பேன். அப்போதெல்லாம் கோபம் வந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை, வேலை இருந்தது, அடுத்த துணி இருந்தது. கோபம் இப்போதுதான் வருகிறது, அவர் குளிர்ந்துபோய்ப் படுத்த பிறகு, திட்டினாலும் பதில் சொல்லமுடியாத இடத்துக்குப் போன பிறகு. ஊதுகிறதுக்கு நெஞ்சில் காற்று தீர்ந்தபிறகுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்து படுத்தார். சளியை ஏந்தினேன், முதுகைத் தடவினேன், மூத்திரச் சட்டி எடுத்தேன். அப்போது அவர் முகத்தைத் திருப்பவில்லை. என் கை மணந்ததா அப்போது?

பீரோவைக் குடைகிற சத்தம் கேட்கிறது. சித்திரைக்கனிதான். பட்டுச்சேலையை எடுத்து உதறுகிறாள். கதிர் வாங்கி வந்த சென்ட் பாட்டில் சன்னலில் இருக்கிறதே, பஜாரில் எல்லாரும் வாங்குகிறதுதான், அது போதாதா. போதாதாம். "எங்கண்ணன் மணக்க மணக்க வாழ்ந்தவன், அவனுக்குப் பஜாருச் சென்ட்டா? வேணி கொண்டாந்த பாட்டிலு இருக்குல்ல" என்று காலையில் வந்ததும் வராததுமாய்ச் சொன்னாள். வெறும் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் இப்போது. "பெட்டி இருக்கு, பாட்டிலக் காணும்! செத்த வீட்டுலயும் களவாங்குறாளுகளே!" சவரியம்மா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, உடம்பு குலுங்குகிறது. சித்திரைக்கனியை நான் குறை சொல்லமுடியாது. அவளுக்குப் பெற்றவர்கள் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அண்ணன் தோளில் உட்கார்ந்து வளர்ந்தவள், அவள் அழுகிற அழுகை பொய்யில்லை, காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பொய்யாக அழுகிறவளிடம் இல்லை என்று சொல்வது சுலபம்.

தோகாவிலிருந்து வேணி செல்லில் தெரிகிறாள். விமானம் நாளைக்குத்தானாம், அதுவரை அப்பாவை வைக்கமுடியாது, காலையிலிருந்தே கரண்டு வந்து வந்து போகிறது, ஐஸ் பெட்டியின் உறுமல் நின்று நின்று கேட்கிறது. கதிர் நீர்மாலைக்குப் போகும்போது செல்லைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். மூக்கு சிவந்து, நர்சு உடுப்போடு பிள்ளை அழுகிறது. சித்திரைக்கனி செல்லைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "வேணி, அந்த மஞ்சப் பாட்டில ஒங்கம்மா எங்க வச்சான்னு ஒனக்குத் தெரியுமா?" வேணி உள்ளங்கையால் கண்ணைத் துடைத்தாள். "அத்த, அது அம்மாவுக்கு வாங்குனது" என்றாள். சொல்லு, என் ராசாத்தி, சொல்லு, இன்னொரு தடவை சொல்லு. என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சித்திரைக்கனி, "ஒங்கப்பன் போறாருடீ, வெறும் ஒடம்போடவா அனுப்புறது?" என்றாள். வேணி மூக்கை உறிஞ்சினாள். "சரி அத்த, அப்பாவுக்கே ஊத்துங்க. அம்மாவுக்கு நான் வேற வாங்கிட்டு வாரேன்." வேற வாங்கி வருவாளாம். பாட்டிலின் மூலை இப்போது எலும்பில் குத்தவில்லை, அதற்கும் உள்ளே குத்துகிறது. வேற. எப்போதும் வேறதான். கம்மலை எடுத்துக் கிளாரினெட்டுக்குக் கொடுத்தபோது வேற வாங்கித் தாரேன் என்றார். என் பங்குக் கறியைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு வேற ஆக்கிக்கொள்ளலாம் என்று நானே சொல்லிக்கொள்வேன். ஒனக்கு மட்டும் என்று சொன்ன வாயும் இதுதான். பிள்ளை மேல் தப்பில்லை, அழுகிற நேரத்தில் எது கேட்டாலும் கொடுக்கத்தான் தோன்றும். தப்பில்லை, தப்பில்லை, ஆனால் கோபம் தப்பைப் பார்த்தா வருகிறது.

கொட்டுச் சத்தம் தெரு முனைக்கு வந்துவிட்டது. அடி வயிற்றில் வந்து அடிக்கிறது. தண்ணீர்க் குடங்கள் வாசலில் இறங்குகின்றன, பெட்டியைத் திறக்கிறார்கள், குளிர் ஒரு தடவை வீடு முழுக்கப் பரவி அடங்குகிறது, அதற்குள் ஒரு வாடை இருக்கிறது, எல்லாருக்கும் தெரிகிறது, யாரும் சொல்லவில்லை. வாசலில் பெஞ்சுப் பலகையில் படுக்கவைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்தி, தலைநிறையப் பூ வைத்து, கைநிறைய வளையல் போட்டு, முகத்தில் மஞ்சளை அப்புகிறாளுகள். இந்த அலங்காரம் நாளைக்கோ மறுநாளோ கழற்றுவதற்காக. இன்னொரு பயம் வருகிறது. நான் ஒருவேளை பைத்தியக்காரியோ. ஒரு சென்ட் பாட்டில். புருசனுக்குக் கடைசியாகச் செய்கிறது. கொடுத்துவிட்டால் என்ன குறைந்துபோகிறது, ஊர் மெச்சும், நாத்தனார் மனசு குளிரும், மகளே சொல்லிவிட்டாள். கை தானாக மடிக்குப் போகிறது. முடிச்சைத் தொடுகிறது. கொடுத்துப் பழகின கை, நான் சொல்லாமலே போகிறது பாருங்கள், அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்கு உச்சி கொதித்தது. புது வேட்டி சுற்றியாயிற்று, மாலை போட்டாயிற்று. பஜார்ச் சென்ட்டைக் கதிர் நெஞ்சில் தெளிக்கிறான். சித்திரைக்கனி அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தாள். என் கை மடியில் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"மதினி, மடியில என்ன வச்சிருக்கீக?"

"பாட்டிலு."

கொட்டு அடிக்கிறவன்கூட ஒரு அடி தவறவிட்டான். நான் இவ்வளவு சத்தமாகச் சொல்லுவேன் என்று எனக்கே தெரியாது.

"அதத்தான மதினி காலையிலருந்து தேடுதேன். குடுங்க." கையை நீட்டினாள். "எங்கண்ணனுக்கு நீங்களே ஒங்க கையால ஊத்துங்க, வாங்க. அமுக்குற மூடியா இருந்தாலும் கழுத்தத் தட்டி உடைச்சுறலாம்."

"தரமாட்டேன்."

"என்னது?"

"தரமாட்டேன்னேன். இது எனக்கு வந்தது."

கதிர், "அம்மா, எல்லாரும் பாக்காகம்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். பார்க்கட்டும். சித்திரைக்கனி முகம் கோணிக்கொண்டு போயிற்று, அழுகையா கோபமா அவளுக்கே தெரியவில்லை. "செத்துப்போனவருக்குத்தான மதினி கேக்கேன்? எனக்கா கேக்கேன்? கட்டையில போறவருக்கு இத ஊத்துனா என்ன?"

"அவரு மேல நான் ஊத்துனது போதும் தாயி."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல நிறைய இருந்தது, காலையிலிருந்து உள்ளுக்குள் ஓடினதெல்லாம் வாயில் வந்து முட்டிக்கொண்டு நின்றது, ஆனால் அந்த ஒரு வரிக்குப் பிறகு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கிழவி, "புத்தி பெரண்டுபோச்சு, பாவம்" என்றாள். இன்னொருத்தி, "இல்ல, தெளிஞ்சு போச்சு" என்றாள், யார் என்று பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்திரைக்கனி நீட்டின கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் மதினி. எங்கண்ணனோட போச்சு" என்றாள். அது எனக்கு வலித்தது. வலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். வெட்டியான் வந்து, "வெயில் ஏறுது சாமி, தூக்குங்க" என்றான். மீதிப் பஜார்ச் சென்ட்டைக் கதிர் மொத்தமாகக் கவிழ்த்தான். வாய்க்கரிசி போடச் சொன்னார்கள், போட்டேன், அந்த உதட்டுச் சிரிப்பு மேல் அரிசி விழுந்தது. 'போங்க' என்றேன் மனசுக்குள். கோபமாகத்தான் சொன்னேன், ஆனால் சொன்ன பிறகு குனிந்து அவர் கழுத்தில் ஒதுங்கியிருந்த மாலையை நேராக்கினேன், அது ஏன் என்று இப்போது யோசிக்கப்போவதில்லை, அதற்கு எனக்கு நிறையப் பொழுது இருக்கிறது. தூக்கினார்கள். கொட்டு தெருவைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டிக் குறைந்துகொண்டே போய்க் கேட்காமல் ஆகிவிட்டது.

பொம்பளைகள் வீட்டைக் கழுவிவிடுகிறாளுகள். என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றவேண்டும். சவரியம்மா ஒரு சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களை, "நான் பாத்துக்கிடுதேன், நீங்க போங்க" என்று விரட்டிவிட்டாள். "இப்பவாவது அத எறக்கி வையி. இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள். முடிச்சை அவிழ்த்தேன். இடுப்பில் கன்றிப்போய்ச் சிவப்பாக ஒரு மூலை பதிந்திருந்தது. மூடியைக் கழற்றினேன். ஓட்டை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, திருப்பித் திருப்பிப் பார்த்துக் கழுத்தில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினேன். புஸ்ஸென்று ஜில்லென்று பட்டது. முகர்ந்து பார்த்தேன். என்ன வாசனை இது. மல்லிகை என்றாளே, எந்த ஊர் மல்லிகை. அழுகப்போகிற பழத்தின் மேல் சர்க்கரைப்பாகு ஊற்றின மாதிரி, மூக்கைக் குடைகிறது, தும்மல் வந்துவிட்டது. சவரியம்மா கழுத்தை நீட்டி மோந்து பார்த்தாள்.

"எப்பிடிட்டீ இருக்கு?" என்றேன்.

"நீ சொல்லு மொதல்ல."

"நல்லாவே இல்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனாலும் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. செத்த வீடு, சத்தம் வரக்கூடாது, சேலை மறைப்பு கிடந்து ஆடுகிறது. "அடிப்பாவி, இதுக்கா இத்தன பாடு? பேசாம அந்த மனுசனுக்கே ஊத்தியிருக்கலாம்ல?"

"எதுக்கு ஊத்தணும்?" என்றேன். இன்னொரு தடவை அமுக்கினேன்.